வினாவுக்கு முந்திய விடை

சென்னை அடையாற்றை அடுத்து, புள்ளிமான்கள் உலவும் வளாகத்தில் அமைந்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் (ஐ.ஐ.டி.) 2024 டிசம்பரில் ஒரு நிலப்படத் தொகுப்பை உலகுக்கு வெளியிட்டது. அதன் பெயர் 'தரணி'. பூமியைக் குறிக்கும் சொல் அது. ஆனால் அத்தொகுப்பில் நாடுகளோ நதிகளோ இல்லை. கருவில் வளரும் மனித மூளை இருக்கிறது. பதினான்காம் வாரம் முதல் இருபத்து நான்காம் வாரம் வரையிலான ஐந்து கருச்சிசுக்களின் மூளைகளை மயிரிழையினும் மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, ஒவ்வோர் உயிரணுவும் தனித்துத் தெரியுமளவுக்குப் படம்பிடித்து அடுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். 2022இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையத்தின் பணி இது. மயிலாப்பூரில் இயங்கும் மெடிஸ்கேன் என்ற கருநிலை மருத்துவ நிலையமும் சவீதா மருத்துவக் கல்லூரியும் வெளிநாட்டு ஆய்வாளர் சிலரும் இதில் கைகோத்தனர். விரும்பும் எவரும் இணையத்தில் இலவசமாகக் காணலாம்.

இலக்கியம் படிக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கருவறைக்குள் என்ன நிகழ்கிறது என்பது தமிழ் இலக்கியத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் தாயின் வயிற்றில் உயிர் மாதந்தோறும் தப்பிப் பிழைத்துவரும் இடர்களை வரிசையாக அடுக்குகிறார். திருமூலர் இரண்டாம் தந்திரத்தில் 'கர்ப்பக் கிரியை' என்றே ஒரு பகுதியை வைத்தார். அவர்கள் வியந்தது உயிர் எப்படி உடலில் வந்து தங்குகிறது என்பதை. அவ்வியப்பின் ஒரு சிறு மூலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் பற்றிக்கொள்கிறது. கன்னத்தைத் தொட்டால் அப்பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறது. யாரும் கற்பிக்காத இச்செயல்களுக்கான நரம்புப் பின்னல் எப்போது, எப்படி நெய்யப்படுகிறது?

*

இத்தகைய செயலைத் தமிழில் 'அனிச்சைச் செயல்' என்கிறோம். இச்சை இன்றி நிகழ்வது என்று பொருள். 'மறிவினை' என்றொரு சொல்லும் உண்டு. போன வினை மறித்துத் திரும்புவது என்ற படிமம் அதனுள் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் திரும்பி வளைதலையே குறிக்கும்.

இப்படிமத்துக்கு நெடிய மரபு உண்டு. பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த், தாம் மறைந்த பின் 1660களில் வெளிவந்த 'மனிதன்' என்ற நூலில், நெருப்பருகே பாதம் வைத்த ஒருவனை எடுத்துக்காட்டினார். சூடு ஒரு நூலை இழுக்கிறது, அது மூளையில் ஒரு துளையைத் திறக்கிறது, கால் பின்வாங்குகிறது. 1822இல் பாரிசில் மஜாந்தி, தண்டுவடத்தின் முதுகுப்புற வேர்கள் உணர்ச்சியை உள்ளே கொண்டுவருகின்றன, வயிற்றுப்புற வேர்கள் கட்டளையை வெளியே கொண்டுசெல்கின்றன என்று காட்டினார். 1897இல் ஷெரிங்டன் ஒரு நரம்பணு மற்றொன்றைச் சந்திக்கும் இடத்துக்கு 'சினாப்ஸ்' என்று பெயர் தந்தார். 1906இல் வெளியான அவரது பெருநூல், அனிச்சைச் செயலை நரம்பு மண்டலத்தின் அடிப்படை அலகாக வைத்தது. முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியால் தட்டியதும் கால் உதைக்கிறதே, அதில் உள்ளவை இரண்டே வகை நரம்பணுக்கள். தசை நீண்டதை உணரும் ஒன்று, தசையைச் சுருக்கும் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சந்திப்பு.

ஆக, தூண்டல் வினா, துலங்கல் விடை. நாம் வகுப்பில் நன்னூல் நடத்தும்போது வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று சொல்லிக்கொடுக்கிறோம். அவ்வெட்டில் எதுவும் வினாவுக்கு முன்னே பிறப்பதில்லை. வினா இல்லாமல் விடை ஏது? நரம்பியலாரும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினர். உடல் இயற்றப்படும் வரிசையும் அதுவே என்று கொண்டனர். முதலில் உணர்வு நரம்பு வேலை செய்யத் தொடங்கும், பிறகு அசைவு தோன்றும், அனிச்சைச் செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நடத்தை உருவாகும் என்பது அவர்கள் கணிப்பு.

கோழி முட்டை இக்கணிப்பை மறுத்தது.

*

ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் பிரேயர் 1885இல் வெளியிட்ட கருவின் உடலியல் பற்றிய நூலில் ஒரு விந்தையைப் பதிந்தார். முட்டைக்குள் கோழிக்கரு அசையத் தொடங்கிய பிறகும் பல நாட்களுக்கு, அதைத் தொட்டால் எந்தத் துலங்கலும் இல்லை. தானாக அசைகிறது, தொட்டதற்கு அசைவதில்லை. அக்கண்டுபிடிப்பு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அதை மீட்டெடுத்தவர் விக்டர் ஹாம்பர்கர். ஜெர்மனியின் பிரைபர்க் நகரிலிருந்து 1932இல் ஓராண்டு நல்கையில் சிகாகோவுக்குச் சென்றார். மறு ஆண்டு நாஜி ஆட்சியின் இனச் சட்டத்தால் யூதரான அவரது பணி பறிபோக, அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். செயின்ட் லூயிஸ் நகரில் பல்லாண்டுகள் முட்டைகளில் சிறு சாளரம் திறந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரை நாளில் கோழிக்கருவின் கழுத்து வளையத் தொடங்குகிறது. தொட்டால் துலங்குவதற்கு ஏழு நாட்களுக்கு மேல் ஆகிறது. இடைப்பட்ட நாட்களில் அது யாருக்கு, எதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறது?

1966இல் ஹாம்பர்கரும் உடனுழைத்தோரும் தீர்க்கமான சோதனை ஒன்றைச் செய்தனர். இரண்டு நாள் கருவில், கால்களுக்கு உணர்வு நரம்புகள் தோன்றவே இயலாதபடி அவற்றின் மூலத்தை அகற்றினர். அக்கால்கள் எதையும் உணரா. ஆயினும் அவை பதினைந்து நாள் வரை இயல்பான கால்களைப் போலவே உதைத்தன, மடங்கின, ஓய்ந்தன, மீண்டும் உதைத்தன. இயக்க நரம்பணுக்கள் தாமாகவே கிளர்ந்து தசையை அசைக்கின்றன என்பது உறுதியாயிற்று. உடலில் விடை முந்துகிறது. வினா பின்னால் வந்து அதனோடு சேர்கிறது.

*

வந்து சேர்வது எப்படி என்பதுதான் அடுத்த புதிர். விரல் நுனியிலிருந்து வரும் ஓர் இழை, தண்டுவடத்தின் கோடிக்கணக்கான அணுக்களுக்கு நடுவே தனக்குரிய துணையை எவ்வாறு கண்டுகொள்கிறது?

ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் 1890இல் கோழிக்கருவின் தண்டுவடத்தில், வளரும் நரம்பிழையின் முனையில் கூம்பு போன்ற புடைப்பைக் கண்டார். அவர் பார்த்தது செத்த திசுவை. ஆனால் அது உயிரோடிருந்தபோது வழி தேடி நகர்ந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1907இல் அமெரிக்கரான ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு, இழை நீள்வதை நுண்ணோக்கியில் நேரில் கண்டார். கஹாலின் ஊகம் மெய்யாயிற்று.

வழி தேடும் முனைக்கு வழி சொல்வது யார்? ரோஜர் ஸ்பெரியின் மாணவி நான்சி மைனர் 1956இல் வெளியிட்ட சோதனை நம் மரபுக் கதைகளை நினைவூட்டும். தலைப்பிரட்டையின் முதுகுத் தோலையும் வயிற்றுத் தோலையும் இடம் மாற்றி ஒட்டினார். அது வளர்ந்து தவளையானபின், வயிற்றில் ஒட்டியிருந்த முதுகுத் தோலைச் சுரண்டினால் தவளை தன் முதுகைச் சொறிந்தது! வாழ்நாள் முழுதும் அத்தவறு திருந்தவில்லை. அனுபவம் அந்தப் பின்னலைக் கற்பிக்கவில்லை, தோலின் இயல்பே நரம்புக்கு முகவரி எழுதியது என்று இதிலிருந்து கொண்டனர். நரம்புகள் வேதிக் குறிகளால் தம் இலக்கை அறிகின்றன என்ற கொள்கையை 1963இல் ஸ்பெரி முழுவடிவில் வைத்தார்.

அக்குறிகள் சிலவற்றுக்கு இன்று பெயர் உண்டு. 1994இல் கோழிக்கருக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புரதம் ஒன்று தண்டுவடத்தின் நடுக்கோட்டை நோக்கி இழைகளை ஈர்த்தது. அதற்கு 'நெட்ரின்' என்று பெயரிட்டனர். வழிநடத்துபவர் என்ற பொருளுடைய சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தது. 'நேதாஜி' என்பதில் இருப்பதும் அதே சொல். நியூயார்க்கில் தாமஸ் ஜெசல் குழுவினர் 2011இல் இன்னொரு விந்தையைக் காட்டினர். இயக்க நரம்பணுக்கள் தம் தனி அடையாளத்தை இழக்கும்படி மாற்றப்பட்ட எலிக்கருக்களிலும், தசையிலிருந்து வரும் உணர்விழைகள் தண்டுவடத்தில் வழக்கமான ஆழத்துக்கே சென்று, அங்கிருந்த அணுக்களோடு இணைந்தன. ஆளை அறியாமல், கதவிலக்கத்தை மட்டும் பார்த்துக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகும் தபால்காரரின் வழக்கம்தான்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. உருவாகும் இயக்க நரம்பணுக்களில் ஏறத்தாழப் பாதி, கருப்பருவத்திலேயே மடிகின்றன. இதை விளங்கிக்கொள்ள வழிவகுத்தவர் ரீட்டா லெவி-மொந்தால்சினி. 1938இல் முசோலினியின் இனச் சட்டம் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது. தூரின் நகரில் தம் படுக்கையறையில், தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கிக் கோழி முட்டைகளை ஆராய்ந்தார். தசையைச் சென்றடைந்தும் அங்கிருந்து ஊட்டம் பெறாத நரம்பணு வாடிச் சாகிறது என்று கண்டார். போருக்குப் பின் ஹாம்பர்கரின் ஆய்வகத்தில் சேர்ந்து, அவ்வகை ஊட்டப் பொருள்களில் முதலாவதைக் கண்டறிந்தார். அதற்காக 1986இல் நோபல் பரிசு பெற்றார். அடக்குமுறையால் இடம்பெயர்ந்த இருவர் சேர்ந்து உயிரணுக்களின் இடத்தேடலை ஆராய்ந்தார்கள் என்பதை வரலாறு தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறது.

*

முகவரி கிடைத்துவிட்டது, கடிதம் சேர்ந்துவிட்டது. அவ்வளவுதானா? இல்லை.

பிறந்த எலிக்குட்டியின் வாலில் ஒரு பக்கம் சூடு காட்டினால், வாலை விலக்குவதற்குப் பதில் பல வேளைகளில் சூட்டை நோக்கியே திருப்புகிறது. மூன்று வாரத்துக்குள் அது திருந்திவிடுகிறது. எப்படி? 2003இல் சுவீடனின் லுண்ட் நகர ஆய்வாளர்கள் விடையைத் தூக்கத்தில் கண்டார்கள். உறங்கும் குட்டியின் தசைகள் தாமாகத் துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் வால் சற்றே அசைந்து, தோலின் ஒரு பக்கம் எதிலோ உரசுகிறது. இந்தத் தசை துடித்தால் இந்தத் தோலில் உணர்ச்சி மாறும் என்று தண்டுவடம் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆய்வாளர்கள் ஒவ்வொரு துடிப்பின்போதும் தவறான பக்கத்தில் காற்றை ஊதி அக்கணக்கைக் குழப்பியபோது, குட்டியின் அனிச்சையும் தவறாகவே படிந்தது.

ஹாம்பர்கரின் கோழிக்கரு காரணமின்றி உதைத்ததற்கு ஒரு பொருள் இங்கே புலப்படுகிறது. அவ்வசைவு ஒத்திகை. உடல் தன்னைத் தானே அசைத்து, அசைவின் எதிரொலியைக் கேட்டு, அதன்படி முடிச்சுகளை இறுக்கவும் தளர்த்தவும் செய்கிறது. மைனரின் தவளை பிடிவாதம் காட்டியது, லுண்ட் எலி கற்றுக்கொண்டது. பரம்பரையா பயிற்சியா என்று பட்டிமன்றம் வைப்பவர்களுக்கு இரண்டும் ஏமாற்றமே தரும். முகவரி பிறப்பிலேயே எழுதப்படுகிறது. அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவு திறக்கும் என்பதைப் பல இடங்களில் பயிற்சி தீர்மானிக்கிறது.

*

இதுவரை சொன்னவை கோழியும் தவளையும் எலியும். மனிதக் கருவைப் பற்றிய அறிவு வந்த வழி வேறு. அதில் நாம் எளிதாகக் கடந்துபோக முடியாத ஒன்று உண்டு.

1918இல் எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர், திடீரென்று ஆதரவு நழுவினால் சிசு இரு கைகளையும் விரித்துப் பின் அணைப்பதுபோல் சேர்ப்பதைப் பதிந்தார். இன்றும் நம் ஊர் மகப்பேறு மனைகளில் பிறந்த குழந்தைக்கு அச்சோதனையைச் செய்கிறார்கள். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் அது மறையவேண்டும். பிறக்கும்போது இல்லாவிட்டாலும், மறையவேண்டிய காலத்தில் மறையாவிட்டாலும் மருத்துவர் முகம் மாறும். ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகள் அக்கணத்தில் முடிவாகிவிடலாம். மூளையின் மேற்புறணி முதிரும்போது இவ்வனிச்சைகள் அழிவதில்லை, அடக்கப்படுகின்றன. முதுமையில் புறணி சிதையும் சிலருக்குக் கைப்பற்றும் அனிச்சை திரும்பி வருவதே சான்று.

பிறப்புக்கு முன் என்ன நடக்கிறது என்று அறிய, பிட்ஸ்பர்க் நகரில் டேவன்போர்ட் ஹூக்கர் 1932 முதல் ஒரு தொடராய்வு நடத்தினார். கருச்சிதைவிலும் மருத்துவக் கலைப்பிலும் வெளிவந்த, இன்னும் சில நிமிடங்களே உயிர் தாங்கக்கூடிய கருச்சிசுக்களை மயிரிழையால் தொட்டுப் படம்பிடித்தார். ஏறக்குறைய எட்டாம் வாரத்தில், உதட்டருகே தொட்டால் தலையும் உடலும் விலகி வளைந்தன. மனிதரில் அறியப்பட்ட முதல் அனிச்சை அது. பாடநூல்கள் அச்செய்தியை ஏற்றுக்கொண்டன. இன்று நாம் கேட்கும் முறையில் தாயின் ஒப்புதலைக் கேட்பது அக்காலத்து வழக்கமன்று. அப்படங்களில் உள்ளவர்களுக்குப் பெயர் இல்லை.

தொடாமலேயே பார்க்க மீயொலி வந்தபின் நிலைமை மாறியது. 1982இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பிரெக்டல் குழுவினர், நலமாக வளரும் கருச்சிசுக்களைத் தாயின் வயிற்றிலேயே திரையில் கண்டு பட்டியலிட்டனர். ஏழெட்டு வாரத்தில் முதல் அசைவு. ஒன்பதாம் வாரத்தில் விக்கல். பத்தில் முகத்தைத் தொடும் கை. பதினொன்றில் கொட்டாவி. பன்னிரண்டு வாக்கில் சப்பி விழுங்குதல். யாரும் தூண்டாமலே இத்தனையும் நிகழ்ந்தன. பிரேயரின் கோழி சொன்னதை மனிதக் கருவும் சொல்லிற்று.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஸ்கேன் நிலைய வாசல்களில் காத்திருக்கும் தாய்மார் இன்று காண்பது அத்திரையைத்தான். கருவின் பாலினத்தை இங்கே தெரிவிப்பதில்லை என்ற அறிவிப்பு ஒவ்வொரு நிலையத்திலும் தொங்குகிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பார்க்கும் கருவியைக் கொண்டே பெண்சிசுக்களை நாம் எவ்வளவு அழித்தோம் என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம் அந்தப் பலகை. அதே மயிலாப்பூரில்தான் மருத்துவர் எஸ். சுரேஷ் போன்றோர் பல பத்தாண்டுகளாக, கருச்சிசுவையே தனி நோயாளியாகக் கருதிப் பேணும் மருத்துவத்தை வளர்த்தனர். அப்பணியின் தொடர்ச்சியில் தோன்றியதே 'தரணி'.

*

அடையாற்றை ஒட்டிய பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது. சிதைந்த ஏடுகளிலிருந்து ஒரு நூலை மீட்பது எத்தகைய வேலை என்று தமிழ் படித்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தரணியின் 5,132 சீவல்களையும் நாம் அக்கண்ணோடு பார்க்கலாம். அவை ஒரே சிசுவின் ஐந்து பருவங்கள் அல்ல. ஐந்து வெவ்வேறு சிசுக்கள், ஒவ்வொன்றும் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. பல பிரதிகளை ஒப்பிட்டு ஒரு மூலத்தை ஊகிக்கும் பதிப்பாசிரியர்போல, ஆய்வாளர் அவற்றை வரிசைப்படுத்தி வளர்ச்சி என்ற ஓட்டத்தை ஊகிக்கிறார். எது வயதின் வேறுபாடு, எது ஆளுக்கு ஆள் உள்ள பாடபேதம் என்று பிரித்தறிவது எளிதன்று.

எல்லைகளும் தெளிவானவை. இது மூளையின் படம், தண்டுவடத்தின் படம் அன்று. முழங்கால் உதையின் பின்னல் மனிதரில் எவ்வாறு நெய்யப்படுகிறது என்பதற்கு நாம் இன்னும் பெரும்பாலும் எலியையும் கோழியையுமே நம்பியிருக்கிறோம். சீவல் அசையாது. அசைவு தெரியும் ஸ்கேன் திரையில் அணு தெரியாது, அணு தெரியும் சீவலில் அசைவு தெரியாது. விக்கலும் கொட்டாவியும் சப்புதலும் தொடங்கிய பின்னரே தரணியின் முதல் ஏடு தொடங்குகிறது. புறணியை நோக்கிவரும் இழைகள் வாசலில் காத்து நிற்கும் பருவத்தோடு அதன் கடைசி ஏடு முடிகிறது. அதாவது, செயலாற்றத் தெரிந்துகொண்டுவிட்ட, ஆனால் அச்செயலை அறியும் மேற்புறணி இன்னும் இணைக்கப்படாத ஓர் உயிரின் காலம் அது. நாம் ஒவ்வொருவரும் அக்காலத்தைக் கடந்துதான் வந்தோம். எவர் நினைவிலும் அது இல்லை.

பிட்ஸ்பர்க்கிலிருந்து சென்னைக்கு வரும் தொலைவைக் கருவிகளின் நுட்பத்தால் மட்டும் அளக்கக்கூடாது. இந்த ஐந்து மூளைகளும் ஒப்புதலோடு தரப்பட்டவை. பிழைக்காத பிள்ளையின் உடலை ஆய்வுக்குத் தருமாறு ஒருவர் கேட்டிருக்கிறார், துயரத்தின் நடுவே ஒரு குடும்பம் சரி என்று சொல்லியிருக்கிறது. நம் ஊரில் இத்தகைய சிசுக்களுக்குப் பெயரிடுவதோ திவசம் செய்வதோ பெரும்பாலும் வழக்கமில்லை. வீட்டில் பேசவும் மாட்டார்கள். அப்படிப் பேசப்படாத ஐந்து வாழ்வுகள் இன்று உலகின் எந்த மூலையிலுள்ள மாணவரும் திறந்து படிக்கும் ஏடுகளாகியிருக்கின்றன. அவற்றைத் திறப்போர், ஓர் அணுவின் பெயரைத் தேடுமுன், அந்த ஐந்து வீடுகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது தகும்.